கிராம்வெல்லின் செல்ல மகள்

இங்கிலாந்து அரசன் முதலாம் சார்லஸின் தலையை வாங்கி, பிறகு நாட்டையே ஆண்ட ஆலிவர் கிராம்வெல் யார் பேச்சுக்கும் மசியாத ஆள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், ஆனால் வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள். இரண்டாவது மகள் எலிசபெத், 1629-இல் பிறந்தவள், அப்பாவுக்குச் செல்லம். பதவி எதுவும் கிடையாது. ஆனாலும் அப்பாவிடம் சிக்கிய அரச விசுவாசிகளுக்காக அவள் பரிந்து பேசுவாள் என்று பெயர் இருந்தது.

ஜேம்ஸ் ஹாரிங்டன் கதை எனக்குப் பிடித்தது (கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம்). அவர் எழுதிய அரசியல் நூலைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். மனுஷன் நேராக எலிசபெத்திடம் போய், அவளுடைய குட்டி மகளோடு விளையாடிக்கொண்டே, உங்கள் அப்பா என் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறார், அதனால் உங்கள் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாராம். புத்தகம் திரும்பக் கிடைத்து, 1656-இல் அச்சாகியும் விட்டது.

1658 ஆகஸ்ட் 6, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 29 வயதில் எலிசபெத் இறந்துபோனாள். கடைசி நாட்களில் அரசு வேலையைக்கூடப் போட்டுவிட்டுப் படுக்கையருகே இருந்த கிராம்வெல்லும் ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 3 அன்று போய்விட்டார். அப்புறம் மன்னராட்சி திரும்பியதும், 1661-இல் அவர் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் மகளின் கல்லறையை மட்டும் யாரும் தொடவில்லை.