ஆறு மாதத்துக்குக் குறைவாக ஒரு சிங்கப்பூர்

சிங்கப்பூரில் ஆய்வு செய்யக் கிடைக்கும் ஃபெல்லோஷிப் கடிதத்தில் மாத உதவித்தொகை இருக்கும், விமானக் கட்டணம் இருக்கும், எந்தத் துறையோடு சேர்ந்து வேலை என்பதும் இருக்கும். எங்கே தங்குவது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால் யோகம். கிடைக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே யாரைச் சந்தித்தாலும் ஊர் எது என்று கேட்ட கையோடு, "என்ன பாஸ்? எத்தனை மாசம்?" என்பார்கள். பாஸ் என்பது வெளிநாட்டவர் இங்கே தங்கவோ வேலை செய்யவோ தரும் அனுமதி. வீடு தேடும்போது அந்த 'எத்தனை மாசம்' கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். சிங்கப்பூரில் பெரும்பாலானோர் இருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில். அங்கே ஓர் அறை எடுப்பதானாலும் குறைந்தது 6 மாத ஒப்பந்தம் வேண்டும். காண்டோ போன்ற தனியார் வீடு என்றால் 3 மாதம். அதற்குக் கீழே வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கே வம்பு. என் ஃபெல்லோஷிப்போ ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாடகை மலிவான வீடுகள் எல்லாம் தேதியைச் சொன்னதுமே கைநழுவின.

அப்புறம் சமையல். விளம்பரங்களில் 'நோ குக்கிங்', 'லைட் குக்கிங்' என்று போட்டிருப்பார்கள். இந்தியர் என்றால் வேண்டாம் என்று போனிலேயே சொன்ன ஏஜெண்டும் உண்டு. மசாலா வாசனை போகாதாம். கோபம் வந்தது, ஆனால் கோபத்தோடு அடுத்த நம்பரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசியில் கிளமெண்டி பக்கம் ஒரு காண்டோவில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"சமைக்கலாம் தம்பி. தாளிக்கத்தான் கூடாது."

"அப்போ ரசம்?"

"ரசம் தாராளமா வைங்க. கடுகை மட்டும் வெடிக்க விடாதீங்க."

முன்பு இருந்தவர் போட்ட வறுவல் புகையில் சோபா திரைச்சீலை எல்லாம் ஊறிப்போய்விட்டதாம். தாளிக்காத ரசம் குடித்துப் பாருங்கள், புளித்தண்ணீருக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சமைக்கும்போது சட்டம் கொஞ்சம் தளரும். கறிவேப்பிலை பொரியும் சத்தம் என் அறை வரை கேட்கும், எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, ஒப்பந்தத்தின் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை. இதெல்லாம் உதவித்தொகை வருவதற்கு முன்னாலேயே போய்விடும். வங்கிக் கணக்கு திறக்கப் பாஸ் எண் கேட்பார்கள், பாஸ் வர நாளாகும். கையில் காசில்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஊரில் என்ஓசி என்னும் தடையில்லாச் சான்றுக்காகவும் விடுப்பு ஆணைக்காகவும் அலைந்த கதை தனி. அதை எழுதினால் இதைவிட நீளும்.

வேலை என்று பார்த்தால், பழைய தமிழ் இதழ்களைப் படிப்பது, அதுதான் எல்லாவற்றிலும் சுலபம். விக்டோரியா தெருவில் தேசிய நூலகம். மேல்மாடிகளில் லீ கொங் சியான் ஆய்வு நூலகம். 1887இல் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழ் வெளிவந்த ஊர் இது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் இன்றும் வருகிறது. பழைய இதழ்களை நான் பக்கம் பக்கமாகத்தான் புரட்டுகிறேன். தேடிப் போன செய்தியைவிட அதன் பக்கத்தில் இருக்கும் துணிக்கடை விளம்பரத்தில் நேரம் போய்விடுகிறது, அதில் எனக்கு வருத்தமுமில்லை. ஊழியர்கள் பொறுமைசாலிகள். ஏசி மட்டும் இரக்கமற்றது, ஸ்வெட்டர் அவசியம்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா போனால் தமிழ்நாடே அங்கே இறங்கி நிற்கும். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவர், ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளியில் பழக்கமானார். வழக்கமான கேள்விதான், என்ன பாஸ், எத்தனை மாசம். பழைய பேப்பர் படிக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"பேப்பர் படிக்கவா? அதுக்குக் காசும் குடுத்து டிக்கெட்டும் போட்டாங்களா?"

அவர் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர். அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவரே சிரித்துவிட்டு, "சரிண்ணே, படிச்சவருதானே, இதக் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினார். சம்பளச் சீட்டு. முதலாளி மாதாமாதம் விவரமாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2016இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் முழுக்க ஆங்கிலம். ஓவர்டைம் ஒவ்வொரு மணிக்கும் அடிப்படை மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு வந்திருக்கிறதா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் ரூம்காரர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் சீட்டில் ஓவர்டைம் மணிகள் குறைந்திருந்தன. இந்த வாரம் கம்பெனியில் கேட்கிறாராம். என்ன சொல்லிக் கேட்பது என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறேன்.