கதைச்சா வேலை செய்யிற ஸ்பீக்கர்: எங்கட வீட்டில ஒரு வருசம்

போன ஞாயிறு சாவகச்சேரியில இருந்து சித்தியின்ர மகள் கோல் எடுத்தவள். அவளின்ர மாமிக்கு பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் இப்ப பெரிசா வேலை செய்யிறேல்லை, கதை மட்டும் முந்தி மாதிரியே நல்ல தெளிவு. பகல் முழுக்க கட்டிலில படுத்திருக்கிறவ, லைற் போடுறதெண்டாலும் ஆரையும் கூப்பிடவேணும். "அக்கா, உங்கட வீட்டில இருக்கிற மாதிரி உந்தக் கதைக்கிற ஸ்பீக்கர் ஒண்டு வாங்கி வைச்சா மாமிக்கு உதவுமோ, இல்லாட்டி காசைக் கரியாக்கிற வேலையோ?" எண்டு கேட்டவள். போனில ரெண்டு வரியில சொல்லி முடிக்க ஏலாமப் போச்சு, அதான் இஞ்ச எழுதுறன், வேற ஆருக்கும் கூட இது பிரயோசனப்படும்.

வாயால சொன்னா நேரம் சொல்லுற, பாட்டும் லைற்றும் போடுற, கோல் எடுக்கிற ஒரு சின்னப் பெட்டிதான் இந்த ஸ்பீக்கர். எங்கட வீட்டுக்கு அது வந்தது போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவில ரொறன்ரோவில இருந்து தம்பி வரேக்க. அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு, ரெண்டு கண்ணிலயும் கட்டராக் எடுத்தாச்சு ஆனா விழித்திரையில பிழை இருக்கிறபடியா நேர பாக்கிற இடம் மங்கல், ஓரத்தால பாத்துத்தான் நடமாடுறா. பழைய பட்டன் போன் இருந்தவரைக்கும் தடவித் தடவி நம்பர் அடிச்சவ. ரச் போன் வந்த பிறகு அதுவும் இல்லை, கண்ணாடி மாதிரி வழுக்குது பிள்ளை எங்க அமத்துறதெண்டே தெரியேல்லை எண்டு சொல்லிப்போட்டு மேசையில வைச்சிட்டா. அதைக் கேட்டுப்போட்டுத்தான் தம்பி இதைக் கொண்டு வந்தவன். எந்தக் கம்பனியின்ரது எண்டு சொல்ல வரேல்லை, நான் சொல்லப்போற விசயம் பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொதுதான்.

முதல் கிழமையிலயே ஒரு பிழை நடந்தது, அதை முதல்ல சொல்லிப்போடுறன் ஏனெண்டா மருந்து சம்பந்தப்பட்டது. அம்மாவுக்குக் காலமை ஆறரைக்கு வெறும் வயித்தில தைரொயிட் குளிசை. தம்பி திரும்பிப் போக முதல் அதுக்கு அலாம் வைச்சுக் குடுத்திட்டுப் போனவன், நாங்களும் நம்பிட்டம். ரெண்டு நாளா காலமை சத்தமே இல்லை, பின்னேரம் நாலு மணிக்கு அடிக்குது. பேந்துதான் பிடிபட்டது, அவன் தன்ர கணக்கில தன்ர ஊர் நேரத்தோட செற் பண்ணியிருக்கிறான், கனடாவில வெயில்காலத்தில எங்களுக்கும் அவையளுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அங்கத்தைய காலமை ஆறரை இஞ்ச பின்னேரம் நாலு. ரெண்டு நாள் குளிசை தவறிப்போச்சு. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து தாற பெட்டி எண்டா முதல் வேலையா ஊரையும் நேரத்தையும் மாத்துங்கோ. அப்பிடியே அடப்டரில 100-240 வோல்ற் எண்டு எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ, இருந்தா எங்கட கரண்டுக்குப் பிரச்சினை இல்லை, பிளக்குக் காலுக்கு ஒரு கன்வேட்டர் மட்டும் போதும்.

இனி பெரிய விசயம், பாசை.

இந்த மாதிரி ஸ்பீக்கரில அமேசன் கம்பனியின்ர எக்கோ 2014 நவம்பரில வந்தது, கூகுளின்ர கூகுள் ஹோம் 2016ல. எக்கோவுக்குள்ள இருந்து மறுமொழி சொல்லுற அலெக்ஸாவுக்கு 2019ல ஹிந்தி வந்திட்டுது. நாங்கள் இன்னும் இங்கிலிஷில கேட்டுக்கொண்டிருக்கிறம். எனக்கு இதில சரியான மனவருத்தம். ஏலாத விசயம் எண்டா பொறுத்துக்கொள்ளலாம், கூகுள் போனில குரலால ரைப் பண்ணுறதுக்குள்ள போய்ப் பாத்தா தமிழ் (இலங்கை) எண்டு தனியாவே ஒரு தெரிவு இருக்கு, நான் எங்கட பேச்சில சொல்லச் சொல்ல அது கனக்கப் பிழையில்லாம எழுதுது. கூகுளின்ர ஜெமினி லைவ் எண்ட அப்போட போனில தமிழில கதைக்கவும் 2024ல இருந்து வழி இருக்கு. அப்ப தமிழை விளங்கிற மூளை அந்தக் கம்பனிகளிட்ட இருக்கு, அம்மாவின்ர கட்டிலடிப் பெட்டிக்குத்தான் அதைக் குடுக்கேல்லை. இந்தச் சாமான் ஆருக்கு ஆகக் கூடப் பயன்படும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கண் தெரியாத, கை ஏலாத, வயசுபோன ஆக்களுக்கு. எங்கட ஊரில அந்த வயசில இங்கிலிஷில கேள்வி கேட்டுப் பழகின ஆக்கள் எத்தினை பேர்?

எங்கட அம்மா அஞ்சு வசனம் பாடமாக்கினவ. என்ர மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறவள், அவள்தான் ஒரு கிழமையா அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுத்தவள். மணி என்ன, லைற்றைப் போடு, லைற்றை நிப்பாட்டு, பாட்டைப் போடு, தம்பிக்குக் கோல் எடு, இவ்வளவும்தான். முதல்ல அரைவாசி நேரம் விளங்கேல்லை எண்டு சொல்லிச்சுது. பிறகு மகள் செற்றிங்குக்குள்ள போய் கனடா இங்கிலிஷ் எண்டு இருந்ததை இந்தியா இங்கிலிஷ் எண்டு மாத்தினவள், அதோட நல்ல வித்தியாசம், அம்மா சொல்லுறது பத்துக்கு எட்டு விளங்கத் தொடங்கிட்டுது. இது ஒரு சின்ன விசயம், ஆனா கன பேர் இது தெரியாமத்தான் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்குள்ள வைக்கினம்.

பாட்டு விசயம் வேற கதை. அம்மாவுக்குக் காலமையில தேவாரம் கேக்கவேணும். "தோடுடைய செவியன்" எண்டு அவ சொன்னா இங்கிலிஷ் காதுக்கு அது என்னவாக் கேக்குமோ, ஏதோ இங்கிலிஷ் பாட்டெல்லாம் போட்டுது. மூண்டு நாள் பாத்தா, நாலாம் நாள் கேக்கிறதை விட்டிட்டா. அது எனக்குத் தாங்கேல்லை. பேந்து நானும் மகளும் இருந்து பிளேலிஸ்ற் செய்து ஒவ்வொண்டுக்கும் அதுக்கு லேசா விளங்கிற ஒரு இங்கிலிஷ் பேர் வைச்சம். மங்கோ எண்டா தேவாரம், அப்பிள் எண்டா பழைய சினிமாப் பாட்டு, ரைகர் எண்டா கந்தசஷ்டி நேரம் கேக்கிற முருகன் பாட்டு. இண்டு வரைக்கும் அது பிழைக்கேல்லை. காலமை நான் முத்தம் கூட்டிக்கொண்டு நிக்கேக்க உள்ளுக்க இருந்து அம்மா "பிளே மங்கோ" எண்டு சொல்லுறது கேக்கும், ஒரு செக்கன் கழிச்சு தேவாரம் தொடங்கும், அவவும் சேந்து படிப்பா.

கட்டிலடி லைற்றும் அப்பிடித்தான். ஸ்பீக்கருக்குச் சொன்னா கரண்டைப் போட்டு நிப்பாட்டுற ஒரு ஸ்மார்ட் பிளக்கில மேசை லாம்பைக் கொழுவி விட்டிருக்கிறம். இரவில ரொயிலற்றுக்கு எழும்பேக்க முந்தி சுவரைத் தடவிக்கொண்டு சுவிச்சைத் தேடுவா, ஒருக்கா வாசல்படியில தடக்கி முழங்காலை உரஞ்சினவ. இப்ப படுத்திருந்தபடியே சொல்லுறா, லைற் பத்துது, பிறகுதான் காலை நிலத்தில வைக்கிறா. ஆரும் என்னட்ட இது காசுக்குப் பெறுமதியோ எண்டு கேட்டா நான் இந்த ஒரு லாம்பைத்தான் காட்டுவன். சின்ன சைஸ் ஸ்பீக்கர் அமெரிக்காவில 50 டொலர் மட்டில. முழங்கால் எலும்பு உடைஞ்சா ஆகிற செலவையும் கிடையையும் யோசியுங்கோ.

அதுக்காக நல்லா எழும்பி நடக்கிற, கண் தெரியிற ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு இது தேவை எண்டு நான் சொல்லமாட்டன். எனக்கு அது தேவைப்படேல்லை. சோறு அவியிறதுக்கு ரைமர் வைக்கிறன், கை மாவாயிருக்கேக்க நேரம் கேக்கிறன், அவ்வளவுதான். மழை வருமோ எண்டு கேட்டா யாழ்ப்பாணத்துக்கு ஏதோ ஒண்டு சொல்லும், முத்தத்தில நிண்டு மேகத்தைப் பாத்தா எனக்கு அதைவிட வடிவாத் தெரியும்.

கரண்டும் இன்ரநெற்றும் இல்லாட்டி இது வெறும் பெட்டி. கூப்பிடுற பேரை மட்டும்தான் பெட்டி தானாக் கண்டுபிடிக்குது, அதுக்குப் பிறகு நாங்கள் சொல்லுற வசனம் முழுக்க இன்ரநெற்றால கம்பனியின்ர கொம்பியூட்டருக்குப் போய்த்தான் மறுமொழி வருது. அதால ரவுட்டர் நிண்டா பக்கத்து லாம்பைக்கூடப் போடாது. 2022ல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் எங்களுக்கு மறக்குமே? இப்பவும் மாரியில காத்தடிச்சா போகும். நாங்கள் ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ் ஒண்டு போட்டும் ஸ்பீக்கர் கரண்டிலதான் ஓடுது, அதுக்குள்ள பற்றரி இல்லை. ஆனபடியா கட்டிலடியில ஒரு ரோச் லைற் எப்பவும் இருக்கவேணும், பெட்டி வந்திட்டுது எண்டு ரோச்சை எடுத்து வைக்காதையுங்கோ. கரண்ட் பில்லுக்குப் பயப்பிடத் தேவையில்லை, சும்மா நிக்கேக்க ரெண்டு வாற் மட்டில, மாதத்துக்கு ஒண்டரை யூனிற்றும் வராது. டேற்றா எண்டா பாட்டுக்குத்தான், ஒரு மணித்தியாலத்துக்கு 72 எம்பி மட்டில.

கரண்ட் போன ஒரு இரவு அம்மா சொன்னவ, நாங்கள் தொண்ணூறுகளில பற்றரியே இல்லாம ரேடியோ கேட்டனாங்கள் பிள்ளை எண்டு. எனக்கும் ஞாபகம் இருக்கு. யுத்த காலம், பற்றரி தடை, கரண்ட் எண்ட கதையே இல்லை, அப்பா சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு கையால பெடலைச் சுத்துவார், டைனமோவில இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்கு. சுத்துறது கொஞ்சம் மெதுவானா செய்தி வாசிக்கிறவற்ற குரல் கீழ போகும், உடன அயலட்டைச் சனம் எல்லாம் சுத்து சுத்து எண்டு கத்தும். பிபிசியின்ர தமிழோசைச் செய்தி கேக்கிறதுக்கு எங்கட விறாந்தையில இருபது பேர் இருந்திருப்பினம்.

அந்தக் காலத்தில இருந்த ஆக்களுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கு, முக்கியமான விசயம் கதைக்கேக்க தானாக் குரல் குறையும். அம்மா இந்தப் பெட்டி வந்த நாளில இருந்து ஆரும் வீட்டுக்கு வந்து காணிப் பிரச்சினை, கலியாணப் பேச்சு எண்டு தொடங்கினா எழும்பிப் போய் ஒரு துவாயால அதை மூடுவா. துவாய் போட்டா மைக்குக்குக் கேக்காது எண்டில்லை. ஆனா அவவின்ர பயத்தை நான் பிழை எண்டு சொல்லேல்லை. 2019ல அலெக்ஸாவிலயும் கூகுளிலயும் பதிவான குரல்களில ஒரு பகுதியை வேலையாக்கள் இருந்து கேட்டது வெளியில வந்தது. பிள்ளையளின்ர குரல் பதிவை வைச்சிருந்ததுக்காக 2023ல அமெரிக்காவில அமேசனுக்கு இரண்டரைக் கோடி டொலர் தண்டம். 2025 மார்ச்சோட எக்கோவில குரலை கம்பனிக்கு அனுப்பாம வைச்சிருக்கிற தெரிவையும் எடுத்திட்டினம். இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் வைக்கவேணும். ஸ்பீக்கரில மைக்கை நிப்பாட்டுற பட்டன் இருக்கும், எக்கோ எண்டா அமத்தினதும் சிவப்பு லைற் எரியும். அம்மாவுக்கு அந்தச் சிவப்பு நிறம் ஓரத்தால தெரியுது எண்டபடியா இப்ப துவாயைவிட்டு பட்டனுக்கு வந்திட்டா. ஆரும் வந்தா முதல்ல சிவப்பைப் பாத்துப்போட்டுத்தான் கதிரையில இருக்கச் சொல்லுவா. பழைய பதிவுகளை அப்புக்குள்ள போய் அழிக்கவும் ஏலும், நாங்கள் மாதம் ஒருக்கா அழிக்கிறனாங்கள்.

தம்பிக்கு ஒரு வசதி இருந்தது, இஞ்ச ஆரும் எடுக்காமலே அங்க இருந்து நேர ஸ்பீக்கருக்குள்ள வந்து கதைக்கலாம். அம்மா விழுந்து கிடந்தா உதவும் எண்டு நினைச்சுத்தான் போட்டவன். ஒருநாள் பின்னேரம் எங்கட மாமி ஒராள் வந்து தன்ர மகளின்ர சம்பந்தம் குழம்பின கதையை அழுது அழுது சொல்லிக்கொண்டிருக்க, திடீரெண்டு "அம்மா, சாப்பிட்டிட்டியளே?" எண்டு ஹோலுக்க தம்பியின்ர குரல். மாமி திடுக்கிட்டுப் போய் எழும்பினவ பிறகு கனநாள் எங்கட வீட்டுப்பக்கம் வரேல்லை. தம்பியில பிழை இல்லை, அவனுக்கு அங்க விடியக்காலமை, வேலைக்கு வெளிக்கிட முதல் அம்மாவின்ர குரலைக் கேக்க நினைச்சிருக்கிறான். அதை உடன நிப்பாட்டி, மணி அடிச்சு அம்மா ஓம் எண்டு சொன்னாத்தான் வாற மாதிரி மாத்தினம். இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் அடிக்கும். அம்மா பூ ஆய்ஞ்சுகொண்டோ கீரை துப்பரவாக்கிக்கொண்டோ கையில ஒண்டும் பிடிக்காம அரை மணித்தியாலம் கதைப்பா, முந்தி போனைக் காதில வைச்சபடி அஞ்சு நிமிசத்தில கை நோகுது எண்டு வைச்சிடுவா. எனக்கு லாம்புக்கு அடுத்ததா இதுதான் பெரிசு.

சித்தியின்ர மகளுக்கு ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேணும். அவளின்ர மாமிக்கு ஏதும் ஆகினா அது அம்புலன்ஸைக் கூப்பிடும் எண்டு நம்பி விட்டிட்டுப் போகக்கூடாது. இது இஞ்சத்தைய அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு எடுக்கிற சாமான் இல்லை. அயல்வீட்டு ஆளின்ர நம்பரைப் பெரிசா எழுதிக் கட்டிலடியில ஒட்டவேணும், ஒரு மணியும் கைக்கெட்டின இடத்தில இருக்கவேணும். பகலில ஆள் இல்லாத வீட்டுக்கு ஆள்தான் தேவை. அதுக்குப் பதிலா ஸ்பீக்கர் வாங்கிற எண்ணம் இருந்தா வாங்கவே வேண்டாம்.

மற்றது, வாங்க முதல் மாமி இங்கிலிஷில நாலு வசனம் சொல்ல விரும்புறாவோ எண்டு கேக்கவேணும். சில பேருக்கு அது கூச்சம், பிள்ளையள் சிரிக்கும் எண்டு நினைச்சு வாயே திறக்கமாட்டினம். அப்பிடியெண்டா போனை ஒரு ஸ்ராண்டில கட்டிலடியில நிப்பாட்டி தமிழில கேக்க விட்டுப் பாக்கிறது நல்லம், காசும் இல்லை.

வாற சனிக்கிழமை அம்மா கண் கிளினிக்குக்குப் போன கையோட ரெண்டு நாள் என்ர தங்கச்சி வீட்டில நிப்பா. அந்த ரெண்டு நாளுக்கு எங்கட பெட்டியையும் லாம்பையும் பிளக்கையும் ஒரு பையில போட்டு சாவகச்சேரிக்குக் கொண்டு போறன், அங்கத்தைய வைஃபையில போட்டு மாமியின்ர கட்டிலடியில வைக்கப்போறன். மகளும் வாறாள், லைற் போடுற வசனத்தை அவள்தான் சொல்லிக் குடுப்பாள். திங்கக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் திருப்பிக் கொண்டு வந்திடவேணும் எண்டு அம்மா இப்பவே ரெண்டு தரம் சொல்லிப்போட்டா, தம்பி எடுக்கிற நேரம்.