பின் சீட்டிலிருந்து பார்த்து வாங்கிய எஸ்யூவி

பட்ஜெட் பத்திலிருந்து இருபது லட்சம் என்று சொன்னாலே எல்லோரும் அதே நாலைந்து பெயர்களைத்தான் சொல்வார்கள். நாங்களும் அங்கேதான் சுற்றினோம்: கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, அதன் உடன்பிறப்பான ஹைரைடர், எலிவேட், டைகுன். எல்லாம் 4.2 மீட்டரிலிருந்து நாலரை மீட்டருக்குள் நீளம். வீடு மதுரை கே.புதூரில். அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். தினமும் ஓட்டம் நகருக்குள்தான். அதற்கு மேல் உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயில், தேனியில் சொந்தக்காரர் வீடு, கோடை விடுமுறையில் கொடைக்கானல்.

மச்சான் ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தார். சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, ஏடாஸ் (ஓட்டுகிறவரை எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் பிடிக்கும் வசதி) என்று வரிசையாக டிக். அதில் கிரெட்டாவுக்கு நேராக விழுந்த டிக் எல்லாம் அதன் உச்ச வேரியன்ட்டுக்கு உரியவை. நாங்கள் வாங்க நினைத்ததோ நடு வேரியன்ட். மற்ற வண்டிகளுக்கும் இதே கதைதான். அதனால் ஷீட்டில் வண்டிப் பெயரை எடுத்துவிட்டு, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே ஆன்ரோடு விலையில் ஒவ்வொரு கம்பெனியிலும் எந்த வேரியன்ட் கிடைக்கிறது என்று மாற்றிப் போட்டேன். பாதி டிக் காணாமல் போனது. ஷோரூம் விலையை வைத்து ஒப்பிட்டிருந்தால் இதுவும் சரியாக வந்திருக்காது. தமிழ்நாட்டில் 2023 இறுதியில் வாழ்நாள் வரியை ஏற்றியபோது, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் இருபது லட்சம் வரை 18, இருபதைத் தாண்டினால் 20 என்று வைத்தார்கள். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே 2.7 லட்சம். சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேலே போனால், அந்தக் கூடுதல் விலைக்கும் சேர்த்து 18 சதவீதம். சித்திரை வெயிலில் சன்ரூஃபைத் திறந்துகொண்டு மாட்டுத்தாவணி போகிறவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

ஷோரூமுக்கு ஐந்து பேருமாகத்தான் போனோம். விற்பனைப் பையன்கள் ஓட்டுகிறவரை நேராக ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துத் திரையைத் தொட்டுக் காட்டுகிறார்கள். நான் முதலில் பின் கதவைத் திறக்கச் சொன்னேன். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அவர் முதலில் சீட்டில் உட்கார்ந்து, அப்புறம்தான் காலை உள்ளே திருப்பி வைப்பார். ஆகவே சீட்டின் உயரம் அவர் இடுப்பு மட்டத்துக்கு வர வேண்டும். ரொம்ப உயரமாக இருந்தால் அம்மாவுக்குச் சேலை தடுக்கும். ஒரு வண்டியில் ஏறிவிட்டு, "ஏப்பா, டவுன் பஸ் படி மாதிரில்ல இருக்கு!" என்றார். அது பட்டியலிலிருந்து கழன்றது. எந்த வண்டி என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் உயரம் வேறாக இருக்கும்.

மூன்று பேர் உட்காரும் விஷயத்தில்தான் பிரோஷர் எண்கள் சரியாக ஏமாற்றுகின்றன. டைகுனின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2651 மில்லிமீட்டர், எலிவேட்டினுடையது 2650. கால் வைக்க இரண்டிலும் இடம் தாராளம். ஆனால் டைகுன் அகலம் 1760, எலிவேட் 1790. இந்த மூன்று சென்டிமீட்டர் தோளில் தெரிந்தது. அப்பா, அம்மா, நடுவில் மனைவி என்று உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஏசி போட்டு இருக்கச் சொன்னேன். டைகுன் கழன்றபோது எனக்கு வருத்தம்தான். 2022இல் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி; டர்போ எஞ்சின் வேறு. நாலு பேர் குடும்பம் என்றால் யோசிக்காமல் அதையே எடுத்திருப்பேன்.

காற்று வீசும் சீட் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். மதுரைக்கு அருமையான விஷயம், ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் அது முன் சீட்டுகளுக்கு மட்டும். வயதானவர்கள் உட்காருவது பின்னால். பின்பக்க ஏசி வென்ட் எவ்வளவு வேகமாகக் காற்று தள்ளுகிறது என்பதை மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

எஞ்சின் விஷயத்தில் மனைவியின் கட்சி கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் வரும் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் எஞ்சின் அணைந்து பேட்டரியில் நகரும்போது அவர் சொன்னது நியாயம் என்றே பட்டது. கம்பெனி சொல்லும் மைலேஜும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ஆனால் பேட்டரி டிக்கியின் தரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பானை, அரிசி, தேங்காய், வாழைத்தாரோடு போகிற குடும்பம் நாங்கள். எங்கள் ஓட்டம் குறைவு என்பதால் ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகத் தரும் பணம் பெட்ரோலில் திரும்ப நெடுங்காலம் ஆகும். டீசலையும் அதே கணக்கில் விட்டோம். மாதம் ஆயிரத்தைநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவராக இருந்தால் கிரெட்டா, செல்டோஸ் டீசலை ஒதுக்க வேண்டாம் என்பேன். அதன் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) மலையில் பேசும்.

மலை ஏற்றத்தை ஷோரூம் டெஸ்ட் டிரைவில் பார்க்க முடியாது. அவர்கள் காட்டுவது நல்ல தார் ரோடு, அதுவும் பத்து நிமிடம். சொந்தக்காரர் ஒருவரிடம் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டி இருந்தது. ஐந்து பேரோடு சிறுமலைக்குப் போய் வந்தோம், 18 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் சளைக்காமல் ஏறுகிறது; மூன்றாவதில் சோம்பல். இந்த வகை எஞ்சின் எல்லாம் கிட்டத்தட்ட இப்படித்தான், கியரை மாற்றச் சலிக்காதவருக்கு இது போதும். நான் சலிக்காதவன்.

கடைசியில் எலிவேட், மேனுவல். 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், 458 லிட்டர் டிக்கி. ஊர்க்காரர்களே கட்டிவைத்த வேகத்தடைகளில் அடி தட்டாமல் போகிறது. பனோரமிக் கூரை இல்லை, டீசல் இல்லை, ஹைபிரிட் இல்லை. மச்சான் இன்னும் முணுமுணுக்கிறார்.

விலைப் பட்டியல் கையில் வந்ததும் வரிக்கு வரி கேளுங்கள். எனக்குத் தந்த முதல் பட்டியலில் கேட்காத ஆக்சசரிஸ் மூட்டை ஒன்றும், வெளியில் கேட்டதைவிட அதிகமான இன்ஷூரன்ஸும் இருந்தன. மூன்று வருடத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம்தான், ஆனால் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியில் வாங்கிய கொட்டேஷனைக் காட்டியதும் குறைத்தார்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்கள். பதிவான பிறகு மாற்றித் தரச் சொல்வது பெரும்பாடு. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. நாலு டயரோடு ஸ்டெப்னியையும் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் வரவாகும். வருமான வரி ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லை என்றால் ரீஃபண்டாக வரும்.