மேலாளரின் நரகமும் பாட்டியின் நாயும்

எங்கள் மேலாளர் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர். வாயைத் திறந்தால் ‘ஃப்ரம் ஹெல்’தான். பாஸ்புக் அடிக்கும் இயந்திரம் தாளைக் கடித்தால் அது ‘பிரிண்டர் ஃப்ரம் ஹெல்’. தணிக்கைக்கு வந்தவர் ‘ஆடிட்டர் ஃப்ரம் ஹெல்’. டீக்கடைப் பையன் கொண்டுவரும் காபிக்கும் அதே ஊர்தான். நரகத்தில் இத்தனை சாமானுக்கு இடம் ஏது என்று நானும் பக்கத்துக் கவுன்ட்டர் அக்காவும் சிரித்துக்கொள்வோம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் வங்கி பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. 10ஆம் தேதி காலை ஷட்டரைத் தூக்கினால், வரிசை டீக்கடையைத் தாண்டி நின்றது. ஆளுக்கு 4000 வரை மாற்றலாம். படிவம், அடையாள அட்டை நகல், கையெழுத்து. எங்களுக்கு வந்திருந்த புதுத்தாள் எல்லாம் 2000. ஏடிஎம்மிலாவது போடலாம் என்றால், தாள் அளவில் சின்னது, பெட்டியில் உட்காராது. ஒவ்வொரு இயந்திரத்தையும் ஆள் வந்து சரிசெய்ய வேண்டும். மதியத்துக்குள் மேலாளர் ‘டே ஃப்ரம் ஹெல்’ என்று ஏழெட்டு முறை சொல்லியிருப்பார்.

எனக்கு நரகமெல்லாம் நினைவுக்கு வரவில்லை. தமிழில் அவஸ்தைக்கு உடம்பிலேயே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பதினொரு மணிக்குத் தலை சுற்றியது. ஒரு மணிக்கு நாக்குத் தள்ளியது. நாலு மணிக்கு இடுப்பு விட்டுப்போனது. இருப்பும் கணக்கும் ஒத்துவராமல் இரவு ஒன்பதுக்குத் தாவு தீர்ந்தது.

இடையில் மூன்று மணி இருக்கும், ஒரு பாட்டி எட்டு 500 ரூபாய் நோட்டுகளை நீட்டினார். அரிசி டிரம்மில் போட்டு வைத்த பணம். நடுவே காய்ந்த வேப்பிலை. எண்ணும் இயந்திரம் தவிட்டில் தும்மி நின்றுவிட்டது. கையால் எண்ணி, இரண்டே இரண்டு தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை வச்சிக்கிட்டு எந்தக் கடையில பால் வாங்குவேன்?”

100 ரூபாய்க் கட்டு காலையிலேயே தீர்ந்திருந்தது. என்ன சொல்ல? என் முகத்தைப் பார்த்தவர், “நாய் படாத பாடு படுற தம்பி, மொதல்ல தண்ணியக் குடி” என்றுவிட்டு நகர்ந்தார்.

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். திட்டுகிறாரா என்று கேட்டார். இல்லை சார், ஒரு நாய்கூடப் படாத கஷ்டமாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.

கொஞ்சம் யோசித்தார். “எந்த நாய்?” என்றார்.

அதற்குள் அடுத்த ஆள் ஆதார் நகலை நீட்டிவிட்டார்.