வாத்தியார் கேட்ட கேள்வி

சென்னையில் ஒரு சிறிய கலை அமைப்பில் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதும் கணக்கு ஒப்படைப்பதும் என் வேலை. இரு நாட்டு மக்களை நெருங்க வைக்கும் திட்டங்களுக்கு அமெரிக்கத் துணைத் தூதரகம் நிதி தருகிறது என்று தெரிந்து முதல் விண்ணப்பம் எழுதினேன். தெருக்கூத்துக் குழு ஒன்றுக்கு ஆர்மோனியம், மிருதங்கம், உடைகள் வாங்க வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தர வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டிருந்தேன். கிடைக்கவில்லை.

அப்புறம்தான் அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். அறப்பணி, கட்டடம், மதச் சடங்கு, நம் அமைப்பையே வளர்த்துக்கொள்வது எதற்கும் பணம் கிடையாது. அமெரிக்கத் தொடர்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நான் உதவி கேட்டிருந்தேன். அவர்கள் தேடியது உறவை.

இரண்டாவது விண்ணப்பத்தைக் கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். அமெரிக்காவிலிருந்து கதைசொல்லி ஒருவரை வரவழைத்து, இரு தரப்பும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு கதையை மேடையேற்றுவது என்று முடிவானது. திரௌபதி அம்மன் திருவிழாவோடு சேர்த்தால் மதம் சார்ந்ததாகிவிடும் என்பதால் பள்ளி மைதானத்தில் வைத்துக்கொண்டோம்.

காகித வேலைதான் ஆளை வாட்டியது. 2022 ஏப்ரலில் அமெரிக்க அரசு, தன்னிடம் நிதி பெறும் அமைப்புகளுக்குப் புதிய அடையாள எண் முறைக்கு மாறியிருந்தது. அந்த எண்ணுக்காகக் கொடுத்த எங்கள் ஆவணம் ஒன்றில் பழைய கதவு எண், இன்னொன்றில் புதிய எண். அதைச் சரிசெய்யவே வாரக்கணக்கில் ஆனது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வேறு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. அந்தச் சட்டப்படி வழக்கமான பதிவு பெற மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்ட வேண்டும். ஒரு கூத்துக் குழு அதற்கு எங்கே போகும்? கண்காணிப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உறவை வளர்க்கிற கலைஞர்கள் எங்களைப் போன்ற ஓர் அமைப்பின் தயவில்தான் உள்ளே வர முடிகிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

நிதி கிடைத்தது, கதைசொல்லியும் வந்தார். நிகழ்ச்சிக்கு முந்தின இரவு ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வாத்தியார் என் மூலமாக விருந்தினரிடம் கேட்டார்: "உங்க ஊர்ல விடிய விடியக் கதை சொல்றவங்க இருக்காங்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, புகையிலை அறுவடைக் காலத்தில் தன் பாட்டி வாசலில் உட்கார்ந்து சொன்ன கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் வாத்தியார் என்னைக் கையமர்த்திவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக் கேட்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் மேடையில், கூத்தை அறிமுகம் செய்யும் கட்டியக்காரன் அந்தப் பாட்டியின் கதையைச் சொல்லித்தான் கூத்தைத் தொடங்கினான்.

அறிக்கையில் வந்தவர்கள் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் நிரப்பினேன். கூடவே, யாரும் கேட்காத ஒரு பக்கத்தில் அந்தச் சாப்பாட்டு இரவை எழுதி இணைத்தேன். இப்போது அடுத்த விண்ணப்பத்துக்கு வாத்தியார் ஒரு செலவு சொல்லியிருக்கிறார்: ஒத்திகைக்கு இரண்டு இரவு கூடுதலாக வேண்டுமாம். பட்டியலில் முதல் வரியாக அதைத்தான் போட்டிருக்கிறேன்.