சின்ன ஜோடியா ஸ்ட்ரெய்ட்டா: வீடியோ போக்கர்ல ஒருவழியா தீர்ந்த பஞ்சாயத்து

வீடியோ போக்கர்ல அஞ்சு கார்டு வரும், வேணுங்கறத வச்சுக்கிட்டு மீதிய ஒரு தடவை மாத்திக்கலாம். அதுல சின்ன ஜோடி (பத்தும் அதுக்குக் கீழயும்) விவகாரம் ஒருவழியா மண்டைல ஏறிருச்சு. ஜாக்கி ஜோடிலேர்ந்துதான் காசு தர்ற ஜாக்ஸ் ஆர் பெட்டர், 9/6 டேபிள் (மூணும் ரெண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு காயினுக்கு 9, அஞ்சும் ஒரே சூட்டான ஃப்ளஷுக்கு 6), காசு வைக்காத பயிற்சி ஆப்லதான் ஆடுறேன். இப்பல்லாம் தப்புன்னு ஆப் சிவப்பு லைட் போடுறதுக்கு முன்னாடியே விரல் சரியான கார்டுக்குப் போயிருது, அந்தப் பந்தாலதான் இந்தப் பதிவு.

8/5 டேபிள் பக்கம் தலை வச்சே படுக்காதீங்க, அஞ்சு காயின் போடாம ராயலுக்கு (ஒரே சூட்ல பத்துலேர்ந்து ஏஸ் வரை) ஆசைப்படாதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுருவோம். சரியா ஆடினா போட்ட காசுல சராசரியா 9/6ல 99.54 சதவீதம் திரும்பும், 8/5ல 97.30. ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் ரெண்டுலயும் ஒவ்வொரு காயின் குறைச்சதுக்கே இவ்ளோ அடி.

என்னைப் படுத்தி எடுத்தது இந்தக் கைதான்: 10, 10, ஜாக்கி, ராணி, ராஜா, எல்லாம் கலந்த சூட். ஜோடிய வைக்கணுமா, ஒரு பத்தைத் தூக்கிப் போட்டுட்டு வரிசையா அஞ்சு வர்ற ஸ்ட்ரெய்ட்டுக்குப் போகணுமா? சார்ட்ல ஒரு வரி போட்டிருப்பாங்க, ஆனா ஏன்னு சொல்ல மாட்டாங்க, ஏன்னு தெரியாம எனக்கு எதுவும் மனசுல நிக்காது. அதனால பேப்பர் எடுத்து உக்காந்துட்டேன்.

ஜோடிய வச்சு மூணு கார்டு எடுத்தா மொத்தம் 16,215 விதமா வரலாம். அதுல நாலும் ஒண்ணா வர்றது 45, ஃபுல் ஹவுஸ் 165, மூணு ஒண்ணா 1,854, ரெண்டு ஜோடி 2,592. பே டேபிளால பெருக்கிக் கூட்டி வகுத்தா காயினுக்கு 0.82 சொச்சம். ஸ்ட்ரெய்ட் பக்கம் பாருங்க, மீதி 47 கார்டுல நாலு ஒம்பது, நாலு ஏஸ், ஆக எட்டு கார்டுக்குத் தலா 4, அதாவது 32. அதோட ஜாக்கி, ராணி, ராஜா மறுபடி விழுந்தா போட்ட காசு திரும்பும், அந்த மாதிரி ஒம்பது கார்டு. மொத்தம் 41, 47ஆல வகுத்தா 0.87. ஸ்ட்ரெய்ட் ஜெயிச்சிருச்சு.

இப்ப அதே கைய ஒரு படி கீழ இறக்குங்க. 9, 10, ஜாக்கி, ராணி, கூட இன்னொரு 9. படம் ரெண்டுதான், அதனால 32 கூட்டல் 6, 38. 47ஆல வகுத்தா 0.81க்குக் கொஞ்சம் கீழ, ஜோடிதான் மேல! ஒரே ஒரு படக்கார்டு குறைஞ்சதுக்கு முடிவே தலைகீழ். இதை நானே போட்டுப் பாத்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. (10, ஜாக்கி, ராணி, ராஜால மூணு ஒரே சூட்டா இருந்தா கதையே வேற, அது ராயல் கணக்கு.)

நாலு கார்டு ஃப்ளஷ் வந்தா இந்தக் குழப்பமே இல்ல. ஒம்பது கார்டுக்குத் தலா 6, அதுவே 1.15 ஆகுது, சின்ன ஜோடி கிட்டவே வர முடியாது. ஜாக்கி ஜோடியோ அதுக்கு மேலயோன்னா மட்டும் ஃப்ளஷ் ஒதுங்கணும், அதுக்கு 1.54.

டேபிள் போக்கர்லேர்ந்து வர்றவங்களுக்கு ஒண்ணு: ஜோடியோட ஏஸைப் பிடிச்சு வைக்கிற பழக்கத்த விட்டுருங்க. இங்க எதிராளி யாரு, கிக்கர் (ஜோடி சமமானா முடிவு பண்ற பக்கத்துக் கார்டு) வச்சு யாரை ஜெயிக்கப் போறோம்? என் நண்பர் ஒருத்தர் இன்னும் அந்த ஏஸை விடவே மாட்டேங்கிறாரு, சொன்னா கோவம் வேற.

ஆப் தேடுறவங்க பே டேபிளை நாமளே மாத்திக்கிற மாதிரி இருக்கறதா பாத்து எடுங்க. சும்மா மினுக்கிட்டு சத்தம் போடுறது நிறைய கிடக்கு, தப்பா ஹோல்ட் பண்ணினா எவ்ளோ நஷ்டம்னு தசமத்துல காட்டுறதுதான் உருப்படி. எதை வைக்கணும்னு ஆப்பே பிடிச்சுக் குடுக்குற ஆட்டோ ஹோல்ட் இருந்தா மொதல்ல அதை அணைங்க.

ரெண்டெல்லாம் ஜோக்கரா வர்ற ட்யூஸஸ் வைல்ட் மேல இப்பவே கண்ணு போயிருச்சு. அங்க ஜோடிக்குக் காசே கிடையாது, மூணு ஒண்ணா வந்தாதான் ஆரம்பமே, அதனால சின்ன ஜோடி பெரிய ஜோடின்னு நான் படிச்ச பாடம் அத்தனையும் குப்பைக்கு. ஆனா இங்கயே ஓட்டை ஸ்ட்ரெய்ட் (ஒரே ஒரு எண் வந்தாதான் நிறையும்) பாக்கி கிடக்கு. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, கீழ பத்து மட்டும் வரணும், 28 பை 47, அதாவது 0.596 வரைக்கும் போட்டு வச்சிருக்கேன். அதையும் ஒரே சூட்ல ரெண்டு படம் இருக்கறதையும் மோதவிடணும், அதுக்கு இந்தப் பேப்பர் பத்தாது, எக்செல்தான் திறக்கணும்.