பெடலைக் கழற்றப் போய் இறுக்கிய கதை

2022-இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று சலித்துப்போய் மாமா வாங்கிய லுமாலா சைக்கிள் இது. பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து ஓரளவு கிடைக்கத் தொடங்கியதும் விறகுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. இலங்கை மலைநாட்டில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் மேலே போகும்போது சைக்கிளை நாம் தள்ளவேண்டும், கீழே வரும்போது அது நம்மைத் தள்ளும். இரண்டு மாதமாக லீவு நாட்களில் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், சாக்கை விரித்து அதைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பிரித்ததுதான் அதிகம்.

முதல் நாள் வேலை இடது பெடல். துருப்பிடித்து, மிதிக்கும்போதெல்லாம் முனகியது. ஸ்பேனரைப் போட்டு வழக்கம்போல இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டேன். மறுநாள் ஸ்பேனரின் வாலில் இரண்டடித் தண்ணீர்க் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறியே நின்றேன். ஸ்பேனர் வழுக்கி, முழங்கால் சிமெண்டுத் தரையில். அடுத்த வீட்டுப் பெரியம்மா, "சைக்கிள் ஓட்டாமலே விழுறியே" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் டவுனில் உள்ள சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பார்த்தார். "தம்பி, கழட்டுறேன்னு ரெண்டு நாளா இறுக்கியிருக்கீங்க."

இடது பெடலின் மரை, அதாவது திருகுப் புரி, தலைகீழ். வலது பெடல் எல்லா நட்டுகளையும் போலத்தான், இடதுதான் எதிர்ப்பக்கம் சுற்றும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்களும்தான். 1900-இலேயே இப்படி மரை மாற்றிய பெடலோடு அவர்கள் சைக்கிள் விற்றிருக்கிறார்கள். நூற்றிருபது வருடம் கழித்தும் எனக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அண்ணன் சொல்லித்தந்த கணக்கு இதுதான்: ஸ்பேனரை நேர்மேலே நிற்கவைத்து, பின் சில்லு (சக்கரம்) இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும். இடம் வலம் யோசிக்கவே தேவையில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு வந்து, பெடல்களைத் துடைத்து, கிரீஸ் பூசி, இடம் மாற்றிப் பூட்டினேன். அச்சின் முனையில் எல், ஆர் என்று வெட்டியே இருக்கிறது. கிரீஸுக்கு அடியில் இருந்ததால் தெரியவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு சுற்று முரண்டு பிடித்துப் போனது, பிறகு கோணலாக நின்றது. வெளியே எடுத்தபோது பெடலைத் தாங்கும் இடது கிராங்கின் மரையும் தூளாகக் கூடவே வந்தது.

பஞ்சர் கதை சின்னது. ஒரே இடத்தில் மூன்று ஒட்டு. டியூபைப் பேசினில் அமுக்கிக் குமிழி பார்ப்பேன், உரசுவேன், சொலூஷன் பூசிக் காயவிடுவேன், ஒட்டுவேன். மறுநாள் காற்று இருக்காது. மூன்றாவது முறைதான் டயரின் உள்ளே துணியை விட்டுச் சுற்றிலும் தடவினேன். துணி ஒரு இடத்தில் மாட்டியது. அரை விரற்கடை நீளத்தில் ஒரு கம்பி. லொறி டயர் தேய்ந்து ரோட்டில் உதிர்கிற சாதி.

பெரிய அவமானம் பிரேக்கில்தான். கட்டை ரிம்மில் படும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. கத்துகிற கதவுக்கு எண்ணெய் விடுவதில்லையா? தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ரிம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சத்தம் அடியோடு நின்றது. அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் இருக்கும் தோட்ட லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவில் விட்டேன். முதல் வளைவில் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பிரேக் இருந்ததற்கான அறிகுறியே இல்லை. வளைவு ஒரு பக்கம் போனது, நான் நேரே தேயிலைக்குள் போய்த் தண்ணீர்க் கானில் இறங்கினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமாரில் ஒருவர் கூடையை இறக்காமலே கேட்டார்: "தம்பி, அந்தப் பக்கம் ரோடு இல்லையே, எங்க போறீங்க?"

ரிம்மைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். எண்ணெய் குடித்த கட்டைகளை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். பூட்டும்போது கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் மடித்த காகித அட்டையைச் செருகி, முன்முனை முதலில் படும்படி வைத்து இறுக்கினேன். கீச்சுச் சத்தத்துக்கு மருந்து அதுதான், எண்ணெய் இல்லை.

இன்றைய நிலவரம்: இடது கிராங்க் புதிதாகப் போட்டாயிற்று. பெடல்கள் அவரவர் இடத்தில். முன் சில்லின் அச்சைப் பிரித்தபோது பக்கத்துக்குப் பத்தாக இருபது பேரிங் குண்டு இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் தேறியது. ஒன்று இஸ்தோப்புச் சரிவில் உருண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன். கோழியைத்தான் சந்தேகப்படுகிறேன். நாளை டவுனுக்குப் போய் ஒரேயொரு குண்டு கேட்கவேண்டும், அந்த அண்ணனிடமே.